காத்தாடிக் கடையின் நல்ல பெயர்

“கஞ்சி எச்சாப் போச்சு, அம்மணி” என்றான் அங்கப்பன். சட்டைக் காலருக்குள் விரலை விட்டுக் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். “தகரத்தை மாட்டுன மாதிரி இருக்குது.”

“தகரமா இருந்தாத்தான் நாளைக்கும் போடலாம். சும்மா வளையாதே, மடிப்புப் போயிரும்” என்றாள் பூவாத்தாள். கங்கு போட்டுச் சட்டையைத் தேய்த்த சொம்பு இன்னும் ஆறவில்லை. அதை அடுப்போரம் வைத்துவிட்டு, அண்ணனின் பின்தலையில் ஒட்டியிருந்த பஞ்சை நகத்தால் கிள்ளி எடுத்தாள். ஆலையில் வேலை செய்கிறவன் எத்தனை குடம் ஊற்றிக் குளித்தாலும் எங்கேயாவது ஒரு பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

“வரும்போது என்ன வாங்கியாறட்டும்?”

“அந்தக் கடை ஈரலு. அத்தனை பெருமை பேசறயே, ஒருநாளாச்சும் இலையில கட்டிக் கொண்டாந்தயா?”

“கொண்டாறேன், கொண்டாறேன். ஒரு துண்டு தின்னு பாத்தயின்னா, அப்புறம் உன்ற கொழம்பை நீயே திங்க மாட்டே.”

அவள் கரண்டியை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே குனிந்து வாசலைத் தாண்டினான். வெயில் தாழத் தொடங்கியிருந்த சனிக்கிழமை அது. சட்டையின் முதுகு மடிப்பு கலையாமல் அவன் விறைப்பாக நடந்து போனதை அவள் பார்த்தாள். அவ்வளவுதான் பார்த்தாள்.

அண்ணனும் தங்கையும் தாராபுரத்துப் பக்கம் காளிச்சாமி என்கிற நிலக்காரரின் பண்ணையத்தில் பிறந்தவர்கள். அங்கே உழைப்பாளிகள் நிலக்காரரைப் பண்ணாடி என்பார்கள். நேரில் கண்டால் சாமி என்பார்கள். பெற்றவர்கள் இருவரும் அந்தக் காட்டிலேயே உழைத்து அந்தக் காட்டோரத்திலேயே புதைந்தார்கள். பிறகு அங்கப்பன் தங்கையைக் கூட்டிக்கொண்டு பீளமேட்டுக்கு வந்து ஆலையில் சேர்ந்தான். தான் எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருந்தும், அவளை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிறகு அவளையும் ஆலையிலேயே நூல் சுற்றும் பக்கம் சேர்த்துவிட்டான்.

ஊரில் கள்ளுக்கடைக்குப் பின்புறம் குத்துக்காலிட்டுத் தேங்காய்த் தொட்டியில் வாங்கிக் குடித்தவன் அவன். பைக்காரா மின்சாரம் வந்து கோயமுத்தூர் வெளிச்சமான பிறகு, டவுன்ஹாலுக்குப் பக்கத்தில் நஞ்சுண்டன் ஒரு பிராந்திக் கடை திறந்தார். மேலே மின்சாரக் காற்றாடி, சுவரில் ஆளுயரக் கண்ணாடி, மரத்தூளில் புதைத்த ஐஸ், வட்ட மேசைகள், பிரம்பு நாற்காலிகள். ஊரே அதைக் காத்தாடிக் கடை என்றது. வக்கீல் குமாஸ்தாக்கள், பஞ்சு வியாபாரிகள், காலேஜுப் பையன்கள் என்று சாயங்காலம் ஆனால் நாற்காலி கிடைக்காது. அங்கே போகாதவன் டவுனுக்குப் போகாதவன் என்று பேச்சு.

முதல் தடவை போய்வந்த நாளில் அங்கப்பன் வீட்டு நடுவில் நின்றுகொண்டு அதை நடித்தே காட்டினான்.

“உள்ள போனதும் நஞ்சுண்டன் கேக்கறாரு, ‘வாங்க, என்ன குடிக்கறீங்க’ன்னு. என்னெய! வாங்கன்னு! கண்ணாடி டம்ளரு, அம்மணி. நானு நாக்காலியில உக்காந்தேன். ஒருத்தன் எந்த ஊருன்னு கேக்கோணுமே? கேக்கல. எந்தத் தெருன்னு கேக்கோணுமே? கேக்கல. பக்கத்துல இருந்தவன் தீப்பெட்டி கேட்டான், குடுத்தேன். என்ற கையில இருந்து வாங்கிப் பத்தவெச்சான்.”

“பிராந்தி எப்படி இருந்துது?”

“அதென்னமோ மருந்தாட்டந்தான் இருக்குது. அதையாரு பாத்தா?”

ஒரு டம்ளர் வாங்குவான். அதையும் ஐஸ் கரையும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த நாற்காலிக்குத்தான் போனான்.

அந்தச் சனிக்கிழமை அவன் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஆள் வந்து சொல்லி, பூவாத்தாள் உக்கடத்துக் குளத்துக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. கரையில் பாயால் மூடிப் போட்டிருந்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பாயை விலக்கினாள். சட்டையில் கஞ்சி முழுக்கக் கரைந்து துணி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இடது கையின் மேல்புறம் விரல் பதிந்த மாதிரி கன்றியிருந்தது.

போலீஸ் ஏட்டு பொல்லாதவர் அல்ல. நிழலில் நிற்கச் சொன்னார். “சாவு விசாரணைக்கு வந்த பஞ்சாயத்தாரு அஞ்சு பேரு பாத்து அபிப்பிராயம் சொல்லிட்டாங்கம்மா. எல்லாம் பெரிய மனுசங்க. நேத்துச் சாயங்காலம் கடையில இருந்தவங்களே. உன்ற அண்ணன் மட்டு மீறிக் குடிச்சிருக்கறான். கடை அலமாரி மேல உளுந்து டம்ளரையெல்லாம் ஒடச்சுப்போட்டு, வெளிய தொரத்தினதும் தள்ளாடிட்டே வந்து குளத்துல உளுந்துட்டான்.”

“எங்கண்ணன் ஒரு டம்ளருக்கு மேல குடிக்க மாட்டாருங்க.”

“எல்லாப் பொம்பளைகளும் அதையேதான் சொல்றீங்க.”

“கையில பாருங்க, யாரோ புடிச்சிருக்கறாங்க.”

ஏட்டு குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “புதன்கிழமை இன்ஸ்பெக்டரு கையெழுத்துப் போட்டு மூடிருவாரு. அதுக்குள்ள, நேத்துக் கடையில இருந்தவங்கள்ல ஒரே ஒருத்தரு வந்து, அவன் நிதானமாத்தான் இருந்தான்னு சொல்லட்டும். நானே மேல எழுதறேன். ஒருத்தரு போதும்.”

ஒருத்தர் போதும் என்கிற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அண்ணனை அடக்கம் செய்தாள். குடித்துவிட்டுக் குளத்தில் விழுந்து செத்தவன் என்று அவனை எழுதி மூட விடக்கூடாது. அழுவதற்குப் பிறகு நாள் இருக்கிறது.

கடை வாசலில் குதிரை வண்டி போட்டிருப்பவர் ரசாக். மறுநாள் காலை அவரைத்தான் முதலில் தேடிப் போனாள். அவர் குதிரைக்குப் புல் உதறிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டுவிட்டார். அவர் மனைவி ஜன்னத் உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பூவாத்தாளின் கையில் கொடுத்தாள்.

“வாசலுக்கு நேராத்தான் வண்டிய நிறுத்தியிருந்தேன், தங்கச்சி. உள்ள எல்லாம் தெரியும். உங்கண்ணன் காத்தாடிக்குக் கீழ உக்காந்திருந்தாரு. முன்னால ஒரு டம்ளரு, அதுலயும் பாதி அப்படியே இருந்துது. இந்தப் பக்கம் ஒரு வக்கீல் குமாஸ்தா, அந்தப் பக்கம் உங்க மில்லு டைம்கீப்பரு சீனிவாசலு. சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தாங்க. அப்பத்தான் காரு வந்து நின்னுது. தம்பிதுரைன்னு ஒரு பையன், தாராபுரத்துக்காரன். கூட ரெண்டு சிநேகிதக்காரங்க.”

பூவாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள். தம்பிதுரை காளிச்சாமிப் பண்ணாடியின் மகன்.

“அவன் உங்கண்ணனைப் பாக்கவே இல்ல, தங்கச்சி. நேரா உள்ள போயி எடம் தேடினான். பாத்திருந்தாலும் அந்தச் சட்டையில அடையாளம் தெரிஞ்சிருக்காது. உங்கண்ணன்தான்…” ரசாக் நிறுத்தினார். “உங்கண்ணன்தான் சட்டுனு எந்திரிச்சுட்டாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுட்டாரு. ‘வாங்க சாமி, உக்காருங்க சாமி’ன்னாரு. அப்புறம் அந்தத் துண்டாலயே நாக்காலிய ஒருதரம் தொடச்சாரு.”

அவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளாக இருந்தாலும் எழுந்திருப்பாள். உடம்பு எழுந்துவிடும், புத்தி பிறகுதான் வந்து சேரும். அத்தனை மாதம் ஒருவரும் எந்தத் தெரு என்று கேட்காத இடத்தில், ஒருவரும் கேட்காமலே அவன் சொல்லிவிட்டான். பேசாமல் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பான். மரியாதை கொடுத்தான், செத்தான்.

“அந்தக் குமாஸ்தா கேட்டாரு, ‘ஆரு தம்பிதுரை இது?’ன்னு. பையன் மொகம் செவந்து போச்சு. ‘எங்க பண்ணையத்தாளு’ன்னான். குமாஸ்தா குடிச்சுட்டிருந்ததை அப்படியே துப்பினாரு. ‘ஏம்ப்பா நஞ்சுண்டா, இந்த டம்ளருல இதுக்கு முன்னால ஆரு குடிச்சது?’ன்னு ஒருத்தர் சத்தம் போட்டாரு. நஞ்சுண்டன் அலமாரியில இருந்த அத்தனை டம்ளரையும் தட்டுல அள்ளிட்டு வந்து, வாசக்கல்லுல போட்டு ஒடச்சாரு. ‘ஆரும் மனசுல வெச்சுக்காதீங்க, நாளைக்கே புதுசு’ன்னு கும்புட்டாரு. என்ற குதிரை மெரண்டு போச்சு.”

“அவரா ஒடச்சாரு?”

“அவரேதான். சிநேகிதக்காரங்க ரெண்டு பேரும் உங்கண்ணனை ஆளுக்கொரு கையாப் புடிச்சுக் காருல ஏத்தினாங்க. ‘சாமி, ஊட்ல தங்கச்சி தனியா இருக்குதுங்க சாமி’ன்னு சொல்லிட்டே ஏறுனாரு. காலு தள்ளாடல. காரு தெக்கால போச்சு.”

ஜன்னத் புருஷனைப் பார்த்தாள். “நீங்க போயிச் சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றார் ரசாக். “வண்டி போட வேற எடம் பாக்கோணும். பரவால்ல, சொல்றேன். ஆனா தங்கச்சி, உள்ள இருந்தவங்க ஒருத்தராச்சும் வந்தாத்தான் நிக்கும். என்ற பேச்சு தனியா நிக்காது.”

அன்றே மத்தியானம் அவள் காத்தாடிக் கடைக்குப் போனாள். வாசல் பலகையில் பச்சை எழுத்தில் இருந்ததைப் படித்தாள்: குளிர்ந்த பானங்கள், மின்சார விசிறி, மரியாதையான இடம். கல்படியின் இடுக்கில் கண்ணாடித் தூள் மினுக்கியது. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“புது டம்ளரு நல்லா கனமா இருக்குதுங்க, நஞ்சுண்டன். பழசைவிட இது எடுப்பு” என்றார் ஒருவர்.

“மதராஸ்ல இருந்து வந்ததுங்க” என்றார் நஞ்சுண்டன். வாசலில் நின்றவளைப் பார்த்துவிட்டு அவரே வெளியே வந்தார். அவள் தான் யார் என்று சொன்னதும், உண்மையாகவே வருத்தப்படுகிற மாதிரி உச்சுக் கொட்டினார்.

“பாவம். உன்ற அண்ணனா? அன்னிக்கு வரும்போதே சரியில்ல, தாயி. அதுக்கு முன்னால அந்த ஆளை நான் கண்டதே கெடையாது.”

“மாசாமாசம் வருவாருங்க. நீங்கதான் வாங்கன்னு கூப்புட்டீங்களாம். அதை ஒரு வருசமாச் சொல்லிட்டிருந்தாரு.”

“கடைக்கு எத்தனையோ பேரு வாராங்க. எல்லாரையும் வாங்கன்னுதான் சொல்லோணும்.”

“டம்ளரை நீங்கதான் ஒடச்சீங்களாமுங்க.”

நஞ்சுண்டன் பின்னால் திரும்பி மேசைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் ஈரல் வறுவலில் மும்முரமாக இருந்தார்கள். “உன்ற அண்ணன்தான் ஒடச்சது. அஞ்சு பேரு சொல்லியிருக்கறாங்க. டம்ளருக்கு நான் காசு கேட்டனா? கேக்கல. அதை நெனச்சுப் பாரு” என்றார். பிறகு, அவள் நின்ற இடத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

சீனிவாசலு நாயுடுவிடம் நேராகக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆலையில் அவரிடம் நேரம் குறிக்க வரிசையில் நின்றவள் அவள். எதைச் சொன்னால் அந்த மனிதர் மலர்வார் என்பதை அறிவாள். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் எட்டி நின்றாள்.

“ஏனுங்க, அந்தக் காத்தாடிக் கடை அத்தனை நல்ல கடைங்களா? எங்கண்ணன் அதையே பேசிட்டிருப்பாருங்க.”

அவர் முதலில் சங்கடப்பட்டார். பிறகு சுண்ணாம்பைத் தடவியபடி ஆரம்பித்தார். “நல்ல கடைதாம்மா. இல்லேன்னு சொல்லக்கூடாது. நான் மதராஸ் பாத்திருக்கறேன், பெங்களூரு பாத்திருக்கறேன். இந்த ஐஸ், இந்தக் காத்து, எங்கயும் கெடையாது. ஈரலுல மொளகு கொஞ்சம் தூக்கல், அது வேற சங்கதி. நாக்காலி கொஞ்சம் இடுப்பைப் புடிக்குது. ஆனா வாரவங்க மனசறிஞ்சு நடக்கறதுல நஞ்சுண்டனை அடிச்சுக்க ஆளில்லை.”

“அப்படிங்களா?”

“பின்னே? அன்னிக்கே பாரேன். ஒருத்தரு மொகம் சுளிச்சாரு, அவ்வளவுதான். அத்தனை டம்ளரையும் தன் கையாலயே கொண்டாந்து வாசல்ல போட்டு ஒடச்சாரு. எத்தனை நஷ்டம்! வேற எவன் செய்வான்? அதான் கடைக்கு நல்ல பேரு.”

“அவரு கையாலயேங்களா?”

“என் கண் முன்னால.”

“அதை இன்ஸ்பெக்டருகிட்ட வந்து சொல்லுங்க, சாமி.”

வெற்றிலை அவர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

“எங்கண்ணன் அலமாரி மேல உளுந்து ஒடச்சாருன்னு எழுதியிருக்குதுங்க. நீங்க பாத்ததை அப்படியே சொன்னாப் போதும். கடையப் பத்திப் பெருமையாத்தானே சொன்னீங்க, அந்தப் பெருமையவே சொல்லுங்க. எங்கண்ணன் உங்க பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தாரு. குடிச்சுப் பெரண்டாரா, நிதானமா இருந்தாரா, உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“ஏம்மா, நான் எங்க அப்படிச் சொன்னேன்?”

“இப்பத்தானுங்க சொன்னீங்க.”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். மரத்தடியில் வேறு யாரும் இல்லை. “அஞ்சு பேரு சேந்து சொன்ன அபிப்பிராயம். அதுல நானும் ஒருத்தன். நான் மட்டும் மாத்திச் சொன்னா, அப்புறம் சனிக்கிழமை ஆனா நான் எங்க போயி உக்கார்றது?”

கேலியாகச் சொல்லவில்லை. அவர் கண்களில் உண்மையான கவலை இருந்தது. அந்தக் கவலையைத்தான் பூவாத்தாளால் பிற்பாடு எத்தனை வருஷமானாலும் மன்னிக்க முடியவில்லை. தம்பிதுரையின் கோபம் அவளுக்குப் பழகிய ஒன்று. பிறந்த நாளிலிருந்து அந்தக் கோபத்தின் நிழலில் நடந்தவள் அவள். ஒரு நாற்காலிக்காக வாய் மூடுகிற மனிதனை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதே நாற்காலிக்காக மாதம் முழுக்கக் காத்திருந்த அண்ணனை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

“அவன் நல்ல பையன்தான்” என்றார் சீனிவாசலு, எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே. “என்கிட்ட ஒருதரம் தீப்பெட்டி குடுத்திருக்கறான்.”

புதன்கிழமை ரசாக் சொன்ன சொல் தவறாமல் வந்தார். குதிரையை அவிழ்த்து ஜன்னத்திடம் விட்டுவிட்டு, வெளுத்த சட்டை போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். ஏட்டின் மேசைக்கு முன்னால் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். தம்பிதுரையின் பெயர் வந்த இடத்தில் ஏட்டின் பேனா நின்றது. கார் வந்த இடத்தில் அவர் பேனாவை மூடினார்.

“நீ கடைக்கு உள்ள இருந்தயா?”

“வாசல்லீங்க. கதவு தொறந்திருந்துது.”

“அங்க என்னிக்காச்சும் குடிச்சிருக்கறயா?”

“நான் குடிக்கறதில்லீங்க.”

“அப்ப அந்தக் கடையப் பத்தியும் அங்க குடிக்கறவங்களைப் பத்தியும் உனக்கென்ன தெரியும்? உள்ள உக்காந்து குடிச்ச அஞ்சு பேரு ஒண்ணு சொல்றாங்க. தெருவுல நின்ன நீ ஒண்ணு சொல்றே. இன்ஸ்பெக்டரு எதைக் கேப்பாரு?” ஏட்டு பூவாத்தாள் பக்கம் திரும்பினார். கடுமை இல்லை, களைப்புத்தான் இருந்தது. “உள்ள இருந்தவங்கள்ல ஒருத்தரு வேணும்னுதானேம்மா சொன்னேன்.”

“உள்ள இருந்து ஒருத்தரு சொல்லோணும்னா, எங்கண்ணன்தானுங்க சொல்லோணும்” என்றாள் அவள்.

ஏட்டு காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலத்துக்குள் கையெழுத்தாகிவிட்டது. அங்கப்பன் குடிபோதையில் தவறி விழுந்து இறந்தவன் ஆனான். தம்பிதுரையை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரசாக் அதன் பிறகு வண்டியை ரயிலடியில் போட்டார். அங்கே ஏற்கெனவே நிற்கிற வண்டிக்காரர்கள் அவரை வரிசையில் கடைசியில்தான் விட்டார்கள். ஜன்னத் அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பூவாத்தாள் போனால் அதே மாதிரி தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுப்பாள்.

காத்தாடிக் கடைக்கு நஷ்டம் ஒன்றும் வரவில்லை. கூட்டம் கூடியது. டம்ளரை உடைத்த கதை ஈரோடுவரை போனதாகச் சொன்னார்கள். சுத்தமான கடை, நம்பிப் போகலாம், ஆள் அறிந்து நடக்கிற கடை என்று பேச்சு பரவியது. குடும்பஸ்தர்கள்கூட வர ஆரம்பித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் நஞ்சுண்டன் வெளிச்சுவரை ஒட்டி ஒரு மரப் பெஞ்சு போட்டார். ஆலைக்காரர்கள், கூலிக்காரர்கள் யாராக இருந்தாலும் அங்கே உட்காரலாம். தகரக் குவளையில் கொடுத்தார்கள். குவளையை அவரவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். நல்ல ஏற்பாடு என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். வெளியே உட்கார்ந்தவர்களிலும் சிலர் அப்படித்தான் சொன்னார்கள்.

காற்றாடிக் காற்று பெஞ்சுவரை வராது. உள்ளே ஐஸ் தீர்ந்துபோன பிறகுதான் பெஞ்சில் இருப்பவர்களின் நினைப்பு வரும். பிராந்தி விலை மட்டும் உள்ளே என்னவோ அதேதான் வெளியேயும்.